டிரை கேபினெட் நிரம்பிவிட்டது: ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கும் ஆசையை எப்படி அடக்குகிறீர்கள்?

#1 · சிராங்கூன் நடையன் · செவ்வாய் இரவு 11.52

வணக்கம் மக்களே. விஷயம் தலைப்பிலேயே இருக்கிறது. கேமராவை ஈரம் அண்டாமல் வைக்கும் டிரை கேபினெட்டில் இடமில்லை, ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸ் வழியாகப் பார்க்காமல், தனிச் சன்னலில் இரண்டு பிம்பத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் கேமரா) ஆசை தீரவில்லை.

கையில் இப்போது இருப்பவை: லைக்கா எம்2, கேனன் பி, வோய்க்லாண்டர் பெஸ்ஸா ஆர்2ஏ, ஒரு ஸோர்கி-4. லென்ஸ் கணக்கு கொஞ்சம் சிக்கல். 35 மிமீ இரண்டு, 50 மிமீ நான்கு, அப்புறம் ஒரு 90. அந்த 90 பெட்டியை விட்டு வெளியே வந்த மாதிரியே ஞாபகம் இல்லை. 50 எதற்கு நான்கு என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்வேன், நீங்களும் தலையாட்டுவீர்கள்.

இப்போது நம் சிங்கப்பூரில் பழைய சாமான் கைமாறும் கரூசல் செயலியில் கிளமெண்டிக்காரர் ஒருவர் லைக்கா எம்4 ஒன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார், கூடவே 35 மிமீ சுமிக்ரான் லென்ஸ். டிசம்பர் போனஸ் வேறு வந்துவிட்டது. ஆபீஸ் மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே கை தானாக அந்தப் பக்கத்தைத் திறக்கிறது.

வீட்டில் சண்டை வரும் என்று பயப்படவும் வழியில்லை. என் மனைவிக்கு இந்தக் கேமராக்கள் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளிநிறப் பெட்டிகள். ஐந்தாவது வந்து சேர்ந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆக, தடுக்க வெளியே ஆள் இல்லை.

“வாங்காதே” என்று சொல்வது சுலபம், அதை நானே எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். உங்களில் யாருக்காவது உண்மையிலேயே ஆசை குறைந்ததா? எதனால் குறைந்தது? அதைச் சொல்லுங்கள்.

#2 · கோப்பி ஓ கொசோங் · செவ்வாய் இரவு 11.58

கிளமெண்டி எம்4 தானே, மேல்தகட்டு ஓரத்தில் சின்னதாக ஒரு நசுங்கல் இருக்குமே? அதன்மேல் எனக்கும் ஒரு கண். நீங்கள் ஆசையை நன்றாக அடக்குங்கள் அண்ணே. என் முழு ஆதரவு உண்டு.

#3 · எம்மவுண்ட் மாப்பிள்ளை · புதன் நள்ளிரவு 12.20

எதற்கு அடக்க வேண்டும்? எம்2-இல் ஃபிலிம் மாற்றியிருக்கிறீர்கள் அல்லவா? அடித்தகட்டைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, உள்ளே இருக்கும் சுருளியை வெளியே இழுத்து, அதில் ஃபிலிம் நுனியைச் செருகி, மறுபடி உள்ளே வைத்து... எம்4-இல் அந்தப் பாடே கிடையாது. நுனியை உள்ளே விட்டால் அதுவே பிடித்துக்கொள்ளும். ஃபிலிமைத் திரும்பச் சுற்றவும் குமிழுக்குப் பதில் சாய்ந்த கைப்பிடி. 1967-இலேயே யோசித்துச் செய்திருக்கிறார்கள். தைப்பூசம் வரப்போகிறது, நீங்கள் ஃபிலிம் மாற்றும்வரை காவடி நிற்குமா?

இன்னொன்று, இதெல்லாம் விலை இறங்காத சாமான். பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருஷம் அதே விலைக்குத் தள்ளிவிடலாம். வங்கியில் கிடக்கும் பணம் அலமாரியில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

#4 · பழைய ஷட்டர் · புதன் காலை 7.15

மாப்பிள்ளை, “விலை இறங்காது” என்பதை எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் யாரும் விற்பதில்லை. விற்றால்தானே ஏறியதா இறங்கியதா என்று தெரியும்!

டிஜிட்டல் வந்த புதிதில் ஃபிலிம் கேமராவைச் சீண்ட ஆள் இல்லாத காலம் ஒன்று இருந்தது. சுங்கை ரோடு சந்தையில், 2017 ஜூலையில் மூடினார்களே, அங்கே தரையில் விரித்த தார்ப்பாயில் யாஷிகா எலக்ட்ரோ 35 பழைய கைக்கடிகாரங்களோடு கலந்து கிடக்கும். பேரம் பேசக்கூட மனம் வராத விலை. இன்று அதே கேமராவுக்கு இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்கிறேன். ஏறியது இறங்கும், இறங்கியது ஏறும். இதை நம்பி முதலீடு என்று பேர் வைக்க வேண்டாம்.

டிஜிட்டல் பக்கம் போனால் இன்னும் மோசம். 2009-இல் லைக்கா எம்9 வந்தபோது முழு ஃபிரேம் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் என்று கொண்டாடினார்கள். பிறகு சென்சார்மேல் இருக்கும் கண்ணாடி அரிக்க ஆரம்பித்தது. கொஞ்ச காலம் கம்பெனி மாற்றிக் கொடுத்தது, பிறகு மாற்று சென்சார் கையிருப்பே தீர்ந்துவிட்டது. அதை வைத்திருப்பவரிடம் போய் முதலீட்டைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

ஃபிலிம் கேமராவின் பாடி (லென்ஸ் இல்லாத உடல்) அப்படிப் போகாது என்பது சரி. ஆனால் சும்மா வைத்தால் கெடும். உள்ளே கிரீஸ் இறுகும். முதலில் மெதுவான வேகங்கள் போகும்: 1 வினாடியில் வைத்து அழுத்தினால் இழுத்து இழுத்து மூடும், சில நேரம் பாதியிலேயே நிற்கும். லென்ஸை எடுத்துக்கொண்டால் நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல். டிரை கேபினெட்டில் 40-இலிருந்து 50-க்குள் வைத்திருக்கிறோம், சரி. அதற்காக ஈரத்தை ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆகாது, பழைய தோலும் மசகும் காய்ந்துபோகும். லென்ஸ் உள்ளே மசகு ஆவியாகிக் கண்ணாடியில் படியும் மங்கலுக்கு டிரை கேபினெட் ஒன்றும் செய்யாது. டார்ச்சைப் பின்பக்கமாக அடித்துப் பாருங்கள், நேராகப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும் லென்ஸ் அப்போதுதான் பால் கலந்த மாதிரி நிற்கும்.

தம்பி நடையன், ஒன்று கேட்கிறேன். உங்கள் கேனன் பி-யின் ஷட்டர் திரை மெல்லிய எஃகுத் தகடு. அதில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? நாலு பாடியையும் மாதம் ஒரு முறையாவது எல்லா வேகத்திலும் அழுத்தி ஓட்டுகிறீர்களா? அதற்கே நேரம் இல்லை என்றால் ஐந்தாவதை எங்கே ஓட்டப்போகிறீர்கள்?

#5 · பொங்கோல் அக்கா · புதன் காலை 9.40

ஷட்டர் அண்ணன் பாடியைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் லென்ஸைப் பற்றிச் சொல்கிறேன்.

தம்பி, லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் மாற்றினால் நீங்கள் பார்ப்பதே மாறிவிடும். பின்னணி மங்கும், முகம் பெரிதாகும், திறப்பு எஃப்1.4 (எண் சிறியதானால் திறப்பு பெரிது) உள்ள லென்ஸைப் போட்டால் வியூஃபைண்டரே பளிச்சென்று இருக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் என்ன மாறுகிறது? படத்தின் எல்லையைக் காட்டும் சட்டக் கோடுகள் மட்டும்தான். அது தனிச் சன்னல், லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதே இல்லை. உங்களிடம் இருக்கும் நான்கு 50-ஐயும் ஒன்று மாற்றி ஒன்று எம்2-இல் மாட்டிப் பாருங்கள். கண்ணுக்கு நான்கும் ஒன்றுதான். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் அதே அழகான காட்சி தெரியும்!

அப்படியென்றால் அந்த நான்கு லென்ஸுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே தெரிகிறது? ஸ்கேன் கைக்கு வந்த பிறகு, ராத்திரி கணினியில் பெரிதாக்கி மூலையைப் பார்க்கும்போது. தெருவில் நின்று படம் பிடிக்கும்போது “ஐயோ, அந்த லென்ஸ் இல்லையே” என்று உங்களுக்குத் தோன்றியிருக்கவே முடியாது. இந்த ஆசை திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வருகிற ஆசை. அதைத் திரைக்கு முன்னால்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம் நம் ஊர் வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மத்தியான வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டால் எஃப்16-க்கு ஷட்டர் வேகம் 1/500 வினாடி. எம்2-இன் உச்ச வேகம் 1/1000. ஆக எஃப்11-க்குமேல் திறக்க முடியாது. எஃப்1.4 லென்ஸுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு தேக்காவில் பகல் முழுக்க எஃப்11-இல்தான் எடுக்கப்போகிறீர்கள், இல்லையென்றால் கருப்புக் கண்ணாடி ஃபில்டர் போட வேண்டும். எஃப்11-இல் ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லென்ஸுக்கும் நூறு வெள்ளி லென்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை எட்டு அங்குல பிரிண்டில் யாராவது கண்டுபிடித்தால் நான் கோப்பி வாங்கித் தருகிறேன்.

அதே எஃப்11-இல் 35 மிமீ லென்ஸை 4 மீட்டரில் நிறுத்தினால் ஏறத்தாழ 2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக விழும். கேம்பல் லேனில் பூக்கட்டுகிறவரையும், அவருக்குப் பின்னால் மாலை பேரம் பேசுகிறவரையும், தெருக்கோடியில் போகும் லாரியையும் சேர்த்து எடுக்கலாம். ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம். உங்களிடம் 35 ஏற்கெனவே இரண்டு இருக்கிறது.

ராத்திரி என்ன செய்வது என்று கேட்பீர்கள். தீபாவளி விளக்குகள் எரியும்போது சிராங்கூன் ரோட்டில் 400 ஃபிலிமுக்கு எஃப்2, 1/30 தாராளமாகப் போதும். ரேஞ்ச்ஃபைண்டரில் எஸ்எல்ஆர் மாதிரி உள்ளே கண்ணாடி எகிறாது, நடுக்கம் குறைவு.

நான் ஒரே ஒரு 28 வைத்திருக்கிறேன். அது ஒழுக்கத்தால் வந்தது இல்லை, தோள்வலியால் வந்தது.

#6 · கோப்பி ஓ கொசோங் · புதன் காலை 9.52

மூடி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் மாமா ஒரு கல்யாண ரிசப்ஷன் முழுவதையும் மூடியோடு எடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் ஆல்பம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

#7 · கண்ணாடிப் பீரோ · புதன் மத்தியானம் 1.05

கொஞ்சம் எதிர்க்கட்சியாகப் பேசுகிறேன். இங்கே எல்லோரும் படம் எடுக்காவிட்டால் கேமரா வைத்திருக்கவே உரிமை இல்லை என்ற மாதிரி பேசுகிறீர்கள். நான் சேகரிப்பவன். மாதம் ஒரு சுருள்கூட எடுப்பதில்லை, அதில் எனக்கு வெட்கமும் இல்லை. தபால்தலை சேர்ப்பவரிடம் போய் ஏன் கடிதம் எழுதவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

என்னிடம் ஒரு கீவ்-4 இருக்கிறது. போருக்குப் பிறகு சோவியத்துக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து கான்டாக்ஸ் இயந்திரங்களை அள்ளிக்கொண்டு போய்ச் செய்த கேமரா. அதன் ஷட்டர் உலோகப் பட்டைகளால் ஆனது, மேலிருந்து கீழே ஓடும். அந்தப் பட்டைகளைத் தாங்குவது இரண்டு பட்டு நாடாக்கள். நாடா அறுந்தால் கேமரா படுத்துவிடும். பின்மூடியைக் கழற்றி அந்த நாடாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். இதற்குப் படம் எதற்கு?

ஆனால் சேகரிப்பவனுக்கும் வரம்பு உண்டு. என் வரம்பு கான்டாக்ஸ் குடும்பம்: கான்டாக்ஸ், கீவ், அதே மாதிரி மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) வைத்த பழைய நிக்கான் ரேஞ்ச்ஃபைண்டர்கள். இதற்கு வெளியே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடமாட்டேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடைப்பதே அபூர்வம் என்பதால் பணமும் தப்பிக்கிறது.

நடையன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பட்டியலில் ஒரு ஜெர்மன், இரண்டு ஜப்பான், ஒரு சோவியத்து. சேகரிப்பு என்று பார்த்தால் அதில் ஒரு ஒழுங்கு இல்லை. படம் எடுக்க என்று பார்த்தால் தேவைக்கு மேல். நீங்கள் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

#8 · சிராங்கூன் நடையன் · புதன் மாலை 6.30

பீரோ ஐயா, சரியான இடத்தில் குத்திவிட்டீர்கள். கோபம் இல்லை. ஒழுங்கு ஏன் இல்லை என்று யோசித்தேன், ஒரு விடை கிடைத்தது.

முதலில் கேனன் பி வாங்கினேன். அதற்கு மலிவாக ஜூபிட்டர்-8 என்ற சோவியத்து 50 மிமீ லென்ஸ். முழுத் திறப்பில், கிட்டத்தில் எடுத்தால் ஃபோகஸ் தள்ளிப்போனது. விசாரித்தால், லைக்கா திருகு மவுண்ட் கேமராக்கள் 50 மிமீ என்றால் 51.6 என்ற கணக்கில் ஓடுகின்றன, சோவியத்து லென்ஸ்கள் கான்டாக்ஸ் கணக்கில், அதனால் கிட்டத்தில் ஒத்துப்போகாது என்றார்கள். சரி, லென்ஸ் அருமையான லென்ஸ், அதற்கு ஏற்ற பாடி வேண்டுமே என்று ஸோர்கி-4. அதில் ஃபிலிமை நகர்த்திய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், மறந்தால் உள்ளே உடையும். அந்தப் பயம் இல்லாமல், ஒளி அளக்கும் மீட்டரும் இருக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று பெஸ்ஸா. பெஸ்ஸாவுக்கு பேட்டரி இல்லாமல் ஷட்டர் ஓடாது, அதனால் பேட்டரியே வேண்டாத எம்2. எம்2-இல் ஃபிலிம் போடுவது தொல்லை, அதனால் எம்4...

ஒவ்வொன்றும் முந்தையதன் குறையைத் தீர்க்க வந்தது. எம்4-இல் மீட்டர் இல்லை. அப்படியானால் அடுத்தது எம்6 என்று உள்ளே ஒரு குரல் இப்போதே வரிசையில் நிற்கிறது.

#9 · கோப்பி ஓ கொசோங் · புதன் மாலை 6.34

எம்6-ஐ 2022-இல் மறுபடி புதிதாகவே போட்டுவிட்டார்கள் அண்ணே. உதவிக்காகச் சொன்னேன்.

#10 · கணக்கப்பிள்ளை · புதன் இரவு 8.10

நான் படம் எடுப்பதில் சுமார்தான், கூட்டல் கழித்தல் நன்றாக வரும். ஒரு லென்ஸை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிலிருந்து 1,200 வெள்ளி, அனுப்பும் செலவு 40. மொத்தம் 400 வெள்ளிக்கு மேல் என்பதால் இங்கே வந்து இறங்கும்போது ஜிஎஸ்டி. 2024-இலிருந்து 9 சதவீதம். 1,240-க்கு 111 வெள்ளி 60 காசு. ஆக 1,351 வெள்ளி 60 காசு. கூரியர்காரர் தன் பங்குக்கு ஏதாவது போட்டால் அது தனி.

ஃபிலிம், கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஒரு சுருளுக்கு 35 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு லென்ஸின் காசு 38 சுருள். 36 ஃபிரேம் வீதம் 1,368 படம். வாரம் ஒரு சுருள் எடுத்தால் முக்கால் வருஷம் ஓடும்.

இதில் சூட்சுமம் என்னவென்றால், லென்ஸ் வாங்க 1,351 வெள்ளியை யோசிக்காமல் தட்டுகிறவர்கள் கடையில் ஃபிலிம் விலை இரண்டு வெள்ளி ஏறினால் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஃபிலிம் செலவாகிவிடும், லென்ஸ் சொத்து என்று மனசு பிரித்து வைத்திருக்கிறது. நான் செய்தது ஒன்றுதான்: கேமராவுக்கும் ஃபிலிமுக்கும் ஒரே கணக்கு, ஒரே உண்டியல். லென்ஸ் வாங்கினால் அடுத்த மாதங்களுக்கு ஃபிலிம் காசு கிடையாது. அப்படி வைத்த பிறகு வாங்கும் வேகம் தானாகவே குறைந்தது.

#11 · எம்மவுண்ட் மாப்பிள்ளை · புதன் இரவு 8.45

எல்லோரும் சாமியார் ஆகிவிட்டீர்கள். அடுத்து யாராவது புகைப்படக்காரர் கார்ட்டியே பிரெசோன் 50 மிமீ ஒன்றை வைத்துக்கொண்டே உலகத்தை எடுத்தார் என்று ஆரம்பிப்பார்கள், அதற்குள் நான் சொல்லிவிடுகிறேன்: அவர் காலத்தில் கரூசல் இல்லை.

தைப்பூசத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? பெருமாள் கோயிலில் காவடி கிளம்புகிற நேரம், சுற்றிலும் கூட்டம், கையில் அடித்தகடு, தோளில் பை. முப்பத்தாறாவது ஃபிரேம் அங்கேதான் முடியும். இரண்டு பாடி இருந்தே ஆக வேண்டும்.

#12 · பொங்கோல் அக்கா · புதன் இரவு 9.05

இரண்டு பாடி நியாயம்தான் மாப்பிள்ளை, அதை மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் எம்2-உம் இருக்கிறது, பெஸ்ஸா ஆர்2ஏ-உம் இருக்கிறது. இரண்டும் ஒரே எம் மவுண்ட். ஒன்றில் 35, இன்னொன்றில் 50. காவடி போய்ச் சேரும் டேங்க் ரோடு வரை நடந்தாலும் லென்ஸ் மாற்ற வேண்டாம். பெஸ்ஸாவின் பின்கதவு சாதாரணக் கேமரா மாதிரி திறக்கும், ஃபிலிம் போடுவது சுலபம். எம்2-க்கும் வேகமாக ஃபிலிம் ஏற்றும் சுருளி தனியாகக் கிடைக்கிறது, எம்4-இன் விலையில் அது ஒரு மூலைக்கு வராது. எம்4 எதைத் தீர்க்கப்போகிறதோ அது ஏற்கெனவே தீர்ந்துவிட்டது.

#13 · உலர்பெட்டி · புதன் இரவு 10.40

தாமதமாக வருகிறேன். நடையன் கேட்டது “எது வேலை செய்தது” என்று. எனக்கு வேலை செய்தவை எல்லாம் ரொம்பச் சின்ன விஷயங்கள், பெரிய தத்துவம் இல்லை.

கரூசலில் சேமித்து வைத்த தேடல்களை அழித்தேன். “சுமிக்ரான்”, “கேனன் எல்டிஎம்” (லைக்கா திருகு மவுண்ட்) என்று வைத்திருந்தேன், புதிதாக எது வந்தாலும் மணி அடிக்கும். அந்த மணிதான் பாதி நோய். வாங்க வேண்டும் என்றால் நானே போய்த் தேடலாம், அது என்னைத் தேடி வரக்கூடாது.

எம்ஆர்டி கேட்டில் வைத்து வாங்குவதை நிறுத்தினேன். உங்களுக்கெல்லாம் தெரியும்: அவர் உள்ளே, நான் வெளியே, இரண்டு பேருக்கும் அட்டை தட்ட மனசு இல்லை, கேட்டுக்கு மேலாகவே கேமரா வரும், போனில் பேநவ் வழியாகப் பணம் போகும், முடிந்தது. அந்த அவசரத்தில் என்ன பார்க்க முடியும்? இப்போது பகல் வெளிச்சத்தில், உட்கார்ந்து பார்க்க இடமிருந்தால்தான் வருவேன் என்று எழுதுகிறேன். தூரத்துக் கட்டடத்தின் விளிம்பைப் பார்த்து வளையத்தை முடிவிலியில் வைத்தால் இரண்டு பிம்பமும் ஒன்றாக வர வேண்டும். பக்கவாட்டில் மட்டும் பார்க்கக் கூடாது, ஒன்று மேலே ஒன்று கீழே என்று நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பின்கதவு திறக்கிற பாடி என்றால் 1/1000-இல் வெளிச்சத்தை நோக்கி அழுத்தி ஃபிரேமின் இரண்டு ஓரமும் ஒரே அளவு வெளுப்பாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இப்படிப் பத்து நிமிஷம் கேட்டால் பாதி விற்பனைக்காரர்கள் பதிலே போடுவதில்லை. எனக்கு அது வசதி.

பெனின்சுலா பிளாசா பக்கம் இருக்கும் கேமராக் கடைகளுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போவதில்லை. என் ஆபீஸ் சிட்டி ஹால். சாப்பிட்டுவிட்டுச் சும்மா ஒரு சுற்று என்று கிளம்பினால் கண்ணாடி அலமாரி முன்னால் கால் நின்றுவிடும். இப்போது எதிர்த் திசையில் நடக்கிறேன், அங்கே உணவங்காடி மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. ஆசை எந்த மாதத்தில் வருகிறது என்று பாருங்கள். எனக்கு எல்லாமே டிசம்பர், ஜனவரி. வடகிழக்குப் பருவமழை, சனி ஞாயிறு வெளியே போக முடியாது, 13-ஆவது மாதச் சம்பளம் அப்போதுதான் வரும். படம் எடுக்காத வாரங்களில்தான் கேமரா வாங்கத் தோன்றுகிறது. மழைக்கு வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குக் கீழ்த்தளம் இருக்கிறதே. அங்கே சதுரங்கம் ஆடும் தாத்தாக்கள் மழைக்காக இடம் மாறுவதில்லை. ஒரு பாடி, 50 மிமீ, மூட்டை முடிச்சு இல்லாமல் இறங்கினால் போதும். ஈரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.

#14 · கண்ணாடிப் பீரோ · புதன் இரவு 10.58

டிசம்பர் கணக்கு என் வீட்டிலும் அப்படியே பொருந்துகிறது. கீவ் வந்தது ஜனவரியில்.

#15 · பழைய ஷட்டர் · வியாழன் காலை 6.50

நடையன் தம்பி, நேற்று எழுதியதைப் படித்தேன். ஒரு குறையைத் தீர்க்க அடுத்தது, அதன் குறையைத் தீர்க்க அதற்கு அடுத்தது. இதில் குறையே இல்லாத கேமரா ஒன்று எங்கோ இருக்கிறது என்ற நினைப்பு ஓடுகிறது. எம்3-இன் வியூஃபைண்டர் மாதிரி இன்னொன்று வரவில்லை, 0.91 பெரிதாக்கம், 50-க்கு அதுதான் அரசன். ஆனால் அதில் 35-க்குக் கோடு கிடையாது. எம்2-இல் 35 கோடு வந்தது, பெரிதாக்கம் 0.72-க்கு இறங்கியது. அதே எம்2-க்கு 28 வேண்டுமென்றால் மேலே தனி வியூஃபைண்டர் செருக வேண்டும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை எடுத்திருக்கிறார்கள். எம்3 வந்த 1954-இலிருந்து அதே கதைதான்.

என்னிடம் எம்4 இருக்கிறது. போன வருஷம்தான் பிரித்துச் சுத்தம் செய்து வேகங்களைச் சரிபார்த்தேன். தைப்பூசம் முடியும்வரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் தரமாட்டேன், உங்கள் 35-ஐயே மாட்டுங்கள். எம்2, பெஸ்ஸா, எம்4 மூன்றிலும் எடுங்கள். சுருளில் எது எந்தக் கேமரா என்று எழுதாமல் கழுவக் கொடுங்கள். படத்தைப் பார்த்து எது எம்4 என்று உங்களால் சொல்ல முடிந்தால் கிளமெண்டிக்காரரிடம் நானே பேரம் பேசித் தருகிறேன்.

#16 · எம்மவுண்ட் மாப்பிள்ளை · வியாழன் காலை 8.02

ஷட்டர் அண்ணே, இது அநியாயம். உங்கள் எம்4-ஐக் கொஞ்ச நாள் கையில் பிடித்தால் கண்டிப்பாக வாங்கிவிடுவார். என் வேலையை நீங்களே செய்கிறீர்கள்.

#17 · பழைய ஷட்டர் · வியாழன் காலை 8.20

வாங்கினால் வாங்கட்டும். கையில் பிடித்துவிட்டு வாங்குவது வேறு, ராத்திரி 12 மணிக்குப் போனில் பார்த்து வாங்குவது வேறு. முதலாவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

#18 · சிராங்கூன் நடையன் · வியாழன் மத்தியானம் 12.45

அண்ணே, மிகவும் நன்றி. எடுத்துக்கொள்கிறேன். பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

இதற்கிடையில் இரண்டு விஷயம் செய்தேன். அக்கா சொன்னபடி நேற்று ராத்திரி நான்கு 50-ஐயும் எம்2-இல் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். சன்னல் வழியே எதிர் புளோக்கில் துணி காயும் கம்பங்கள். நான்கிலும் அதே கம்பங்கள், அதே துணி. மகள் வந்து “அப்பா என்ன பண்ணுகிறீர்கள், படம் எடுக்கிறீர்களா?” என்று கேட்டாள். கேமராவில் ஃபிலிமே இல்லை, பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது, 90-ஐயும் ஒரு 50-ஐயும் விற்பனைக்குப் போட்டுவிட்டேன். ஜூபிட்டரும் ஸோர்கியும் ஜோடி என்பதால் இருக்கட்டும், மனசு வரவில்லை. எம்4 தேடலை அழிக்கவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன் உலர்பெட்டி. தைப்பூசம் முடியட்டும்.

#19 · கோப்பி ஓ கொசோங் · வியாழன் மத்தியானம் 12.49

எந்த 50? ஃபோட்டோ போடுங்கள்.

#20 · கணக்கப்பிள்ளை · வியாழன் மத்தியானம் 12.51

கொசோங், இழையின் தலைப்பைப் படியுங்கள்.

#21 · பழைய ஷட்டர் · வியாழன் மாலை 5.30

சனிக்கிழமை காலை 9 மணி, தேக்கா மார்க்கெட் கீழே சாப்பாட்டுக் கடைகள் பக்கம், அப்பம் விற்கிற வரிசையில் இருப்பேன். கேனன் பி-யையும் கொண்டு வாருங்கள், திரையைப் பார்த்துவிடலாம். பழைய தோல் உறையில் போட்டுக் கொண்டு வர வேண்டாம். உறை இருந்தால் வீட்டிலும் அதை டிரை கேபினெட்டுக்குள் வைக்காதீர்கள், ஃபங்கஸ் முதலில் குடியேறுவதே அந்தத் தோலில்தான். மழை பெய்தால் 10 மணி.